கட்டுண்ட நொதியம்

பெரும்போக வேளாண்மை முழங்காலளவு வளர்ந்து நிற்கும் மாரிநாளொன்றிலே மட்டக்களப்பு வாவியைக் கடந்து படுவான்கரைக்குச் செல்வோமாயின், ஒரு காட்சி நம் கண்ணிற் படும். வெண்மணிகள் போன்ற யூரியாப் பசளையை உழவர் கைநிறைய அள்ளி, தேங்கிநிற்கும் வயல்நீரின்மீது எறிந்துகொண்டே செல்வர். சில நாட்களுள் பயிர் கரும்பச்சை நிறங் கொள்ளும். அதே நாளில் வாவியின் கிழக்கே எழுவான்கரைக்குத் திரும்பி மீன்சந்தையொன்றின் பின்புறத்தை எட்டிப் பார்த்தால் வேறொரு காட்சி தோன்றும். இறாலின் தலைகளும் ஓடுகளும் குவியலாய்க் கிடந்து நாறும். காகங்களும் நாய்களும் அவற்றைக் கிளறும்.

ஒன்று காசு கொடுத்து வாங்கி வயலில் இடப்படுவது; மற்றொன்று காசு பெறாதென்று வீசப்படுவது. இவ்விரண்டிற்கும் யாது தொடர்பு? தொடர்பு உண்டு. ஏற்றமுடைய பெருமூலக்கூறுகள் நொதியங்களைப் பற்றிப் பிடித்து, அவற்றின் நடத்தையையே மாற்றிவிடுகின்றன என்னும் உண்மையே அத்தொடர்பு. அதனையே இன்று நான் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் நொதியம் என்பது யாதென நோக்குவோம். இறைச்சி சமைக்கும்போது முற்றாத பப்பாசிக்காயின் துண்டொன்றைச் சேர்த்தால் இறைச்சி விரைவில் மெதுமையாகும் என்பது நம் தாய்மார் அறிந்த செய்தி. பப்பாசியின் பாலிலுள்ள பப்பாயின் என்னும் பொருள் இறைச்சியின் புரதத்தை அறுத்துச் சிறு துண்டுகளாக்குகிறது. அறுத்த பின்னர் தான் அழியாது நின்று, அடுத்த மூலக்கூறை அறுக்கச் செல்கிறது. இவ்வாறு உயிர்ப்பொருள்களிலே தோன்றி, இரசாயன மாற்றங்களை விரைவுபடுத்தி, தாம் செலவாகாது நிற்கும் பொருள்களே நொதியங்கள். நாம் உண்பது செரிப்பதும், விதை முளைப்பதும், கனி பழுப்பதும் இவற்றின் செயலே.

நொதியங்களுட் பெரும்பாலானவை புரதங்கள். இதனைத் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்க அறிஞர் யேம்சு சம்னர். அவர் 1926ஆம் ஆண்டில், வாளவரை விதையிலிருந்து யூரியேசு என்னும் நொதியத்தைப் பளிங்குருவிலே பிரித்தெடுத்தார். உலகிலே பளிங்காக்கப்பட்ட முதல் நொதியம் அதுவே. இளமையில் ஒரு கையை இழந்து, எஞ்சிய கையினாலேயே ஆய்வுகளை நடத்திய அவ்வறிஞருக்கு 1946இல் நோபெல் பரிசு கிடைத்தது. அவர் பிரித்தெடுத்த யூரியேசு, யூரியாவை அமோனியாவாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிளக்கும் நொதியமாகும். படுவான்கரை வயலிலே யூரியா விழுந்தவுடன் அதனை எதிர்கொள்வதும் இந்த யூரியேசே. அக்கதைக்குப் பின்னர் வருவோம்.

நொதியத்தை ஒரு தொழிலாளி என்று கொண்டால், அவனிடம் இரண்டு குறைகள் உள. ஒன்று, அவன் நீரிலே கரைந்து போவான். வேலை முடிந்தபின் செய்த பொருளையும் செய்தவனையும் வேறுபிரித்தல் அரிது. பெரும்பாலும் அவனை இழந்தே பொருளைப் பெறவேண்டும். மற்றது, அவன் மென்மையானவன். சற்று வெப்பம் மிகுந்தாலும், அமிலமோ காரமோ மிகுந்தாலும் உருக்குலைந்து செயலிழப்பான். விலையுயர்ந்த நொதியத்தை ஒருமுறை பயன்படுத்தி எறிவதென்றால் எந்தத் தொழிலும் தாங்காது. ஆகவே அதனை ஏதேனுமொரு திண்மப் பொருளிற் கட்டிவைத்து, கரைசலை அதன்மீது ஓடவிட்டால் என்ன என்னும் எண்ணம் எழுந்தது. 1916ஆம் ஆண்டிலேயே நெல்சன், கிரிபின் என்னும் இருவர், கரும்புவெல்லத்தைப் பிளக்கும் நொதியம் கரித்தூளில் ஒட்டிக்கொண்ட பின்னரும் தன் வேலையைச் செய்கிறது எனக் கண்டனர். ஆயினும் அக்கண்டுபிடிப்பு நெடுங்காலம் பயன்படாமலே கிடந்தது.

கட்டுவதற்குக் கயிறு வேண்டுமன்றோ? அக்கயிறுகளுள் மிக எளியது மின்னேற்றம். புரத மூலக்கூறின் மேற்பரப்பிலே சில இடங்கள் நேரேற்றமும், சில இடங்கள் மறையேற்றமும் உடையன. சூழ்ந்துள்ள நீர் அமிலத்தன்மை மிகுந்ததாயின் நேரேற்றம் ஓங்கும்; காரத்தன்மை மிகுந்ததாயின் மறையேற்றம் ஓங்கும். இனி, பல்பகுதியம் என்பது சிறு மூலக்கூறுகள் பல மணிமாலைபோல் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட நெடிய மூலக்கூறாகும். பருத்திநூலும், இரப்பரும், பிளாத்திக்கும் பல்பகுதியங்களே. இம்மாலையின் மணிதோறும் ஓர் ஏற்றம் அமையுமாயின் அது ஏற்றமுடைய பல்பகுதியம் எனப்படும். மறையேற்றமுடைய நொதியத்தின் கரைசலிலே நேரேற்றமுடைய பல்பகுதியத்தை இட்டால், எதிரெதிர் ஏற்றங்கள் ஒன்றையொன்று ஈர்க்க, நொதியம் அதன்மேல் வந்து படிந்துவிடும். சூடாக்கவேண்டுவதில்லை, கடுமையான இரசாயனங்களைச் சேர்க்கவேண்டுவதுமில்லை. மென்மையான நொதியத்திற்கு இதனினும் மென்மையான கட்டு வேறில்லை.

இக்கட்டு முதன்முதலிற் பெருந்தொழிலாய் மலர்ந்தது யப்பானிலே. 1969ஆம் ஆண்டில் தனாபே என்னும் மருந்துக் கம்பனியில் இச்சிரோ சிபாத்தா என்னும் அறிஞரும் அவர் துணைவரும் ஒரு முறையை வகுத்தனர். அமினோவமிலங்களை இரசாயன முறையால் ஆக்கும்போது இருவகை மூலக்கூறுகள் தோன்றும். வலக்கையும் இடக்கையும் போல, கண்ணாடியிற் பார்த்தாற் போல, அவை ஒன்றுக்கொன்று எதிருருவானவை. உடலுக்கு வேண்டுவது அவற்றுள் ஒருவகையே. இவ்விரண்டையும் பிரித்தறிய வல்லது, சோயா அவரைக் குழம்பு வடிக்க யப்பானியர் பயன்படுத்தும் பூஞ்சணத்திலிருந்து கிடைக்கும் ஒரு நொதியம். அந்நொதியத்தை, நேரேற்றம் ஊட்டப்பட்ட செபடெட்சு என்னும் பல்பகுதிய மணிகளிற் கட்டி, நீண்ட குழாயில் நிரப்பினர். மேலேயிருந்து கரைசல் ஓட, கீழே வேண்டிய அமினோவமிலம் வந்து சேர்ந்தது. உற்பத்திச் செலவு முன்னையதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்தது. இதிலே இன்னுமொரு வசதியும் இருந்தது. நாட்செல்ல நொதியம் தளர்ந்தால், மணிகளை எறியவேண்டுவதில்லை. புது நொதியக் கரைசலை ஊற்றினால், வெறுமையான இடங்களில் அது தானாகவே படிந்துகொள்ளும்.

நேயர்களே, இதுவரை கூறியது கட்டுவதைப் பற்றி. இதனினும் வியப்பானது, கட்டியபின் நிகழ்வது. கட்டுண்ட நொதியம் கட்டுமுன் இருந்த நொதியமாகவே இருப்பதில்லை. அதன் குணம் மாறுகிறது. இதனை 1964ஆம் ஆண்டில் இசுரேல் நாட்டு வைசுமன் ஆய்வு நிலையத்திலே கோல்ட்சுதைன், இலெவின், கச்சால்சுக்கி ஆகிய மூவர் அழகுற விளக்கினர். இவர்களுள் எப்பிராயிம் கச்சால்சுக்கி 1973இல் அந்நாட்டின் சனாதிபதியானவர்.

அவர்கள் எடுத்துக்கொண்டது திரிப்சின் என்னும் செரிமான நொதியம். அதனை மறையேற்றம் மிகுந்த ஒரு பல்பகுதியத்துடன் பிணைத்தனர். நீரின் அமிலத்தன்மையை அளப்பதற்கு பீ.எச். எண் என்னும் அளவு உண்டு. 7 என்பது நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் குறையும்போது ஐதரசன் அயன்களின் செறிவு பத்து மடங்காகிறது. கட்டற்ற திரிப்சின் ஏறக்குறைய 8 என்னும் எண்ணிலே மிகத் திறமையாக வேலைசெய்யும். கட்டுண்ட திரிப்சினோ, அதனினும் இரண்டரை எண் மேலேறிக் காரத்தன்மை மிகுந்த நீரிலேயே தன் முழுத் திறமையையும் காட்டியது. நொதியம் மாறிவிட்டதா? இல்லை. அதன் அயல் மாறிவிட்டது.

காரணத்தை நோக்குவோம். ஐதரசன் அயன் நேரேற்றமுடையது. மறையேற்றமுடைய பல்பகுதியம் அவ்வயன்களைத் தன்னைச் சுற்றி ஈர்த்து வைத்துக்கொள்ளும். ஆகவே அதனருகே, நொதியம் குடியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்திலே, வெளிநீரிலும் பார்க்க அமிலத்தன்மை மிகுந்திருக்கும். இரண்டரை எண் வேறுபாடு என்றால், அவ்வயலில் ஐதரசன் அயன்கள் முந்நூறு மடங்கு செறிந்துள்ளன என்பது பொருள். தன் வீட்டுக்குள்ளே 8 என்னும் நிலை அமையவேண்டுமானால், வெளியே பத்துக்கும் மேற்பட்ட நிலை இருக்கவேண்டும். நாம் அளப்பது வெளிநீரை. நொதியம் உணர்வது தன் அயலை. நேரேற்றமுடைய பல்பகுதியத்திற் கட்டினால் விளைவு மறுதலையாகி, நொதியம் அமிலப்பக்கமாய் நகரும். அதுபோலவே, நொதியம் வேலைசெய்யவேண்டிய பொருள் பல்பகுதியத்திற்கு எதிரான ஏற்றமுடையதாயின், அப்பொருள் ஈர்க்கப்பட்டு அருகே வந்து குவியும். மிகக் குறைந்த செறிவிலும் வேலை நன்கு நடைபெறும். ஒத்த ஏற்றமுடையதாயின் விலக்கப்படும், வேலை தளரும். ஆகவே, கட்டும் பொருளின் ஏற்றத்தைத் தெரிந்தெடுப்பதன் மூலம் நொதியத்தின் நடத்தையையே நாம் ஆளலாம்.

இந்த ஆட்சியைத் தளர்த்தவல்ல பொருள் ஒன்று உண்டு. அதுதான் உப்பு. அதே ஆய்வில், கரைசலிலே உப்பை மிகுதியாகச் சேர்த்தபோது, நொதியத்தின் நகர்வு பெரிதும் குறைந்து, அது தன் பழைய குணத்தை நோக்கித் திரும்பியது. ஆளரவமற்ற கரையிலே ஒருவர் கூவினால் அக்குரல் நெடுந்தூரம் கேட்கும். சந்தை நெரிசலிலே அதே குரல் நான்கடிக்கப்பால் எட்டாது. உப்புக் கரையும்போது நேரயன்களும் மறையயன்களும் நீரிலே நிறைந்து, பல்பகுதியத்தின் ஏற்றத்தைச் சூழ்ந்து மறைத்துவிடுகின்றன. உப்பு இன்னும் மிகுந்தால், ஏற்றத்தால் மாத்திரம் ஒட்டியிருந்த நொதியம் கட்டவிழ்ந்து நீரோடு போய்விடுதலும் உண்டு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பர்; ஈண்டோ உப்பு மிகுந்தால் தொழிலே குப்பையாகும்.

இதனை நம் வாவியைக் கொண்டு எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அவ்வாவியின் நீர் ஆண்டு முழுவதும் ஒரே தன்மையதாய் இருப்பதில்லை. மாரியிலே ஆறுகளும் ஓடைகளும் கொணரும் வெள்ளத்தால் அது நன்னீராகும். வெள்ளம் வயல்களை மூடும்போது முகத்துவாரத்தை வெட்டிவிடுவர். பின்னர் கடல்நீர் உட்புக, உப்பு ஏறும். நன்னீரிலே ஒருவகையாய் நடக்கும் சேறு, உவர்நீரிலே வேறுவகையாய் நடக்கும். கலங்கிவரும் ஆற்றுநீர் உவர்நீரைச் சந்திக்குமிடத்தில், மறையேற்றத்தால் ஒன்றையொன்று விலக்கி மிதந்த களித்துகள்கள், அவ்வேற்றம் உப்பினால் மறைக்கப்படவே திரண்டு அடியிற் படிகின்றன. ஆய்வுசாலைக் குழாயிலே கச்சால்சுக்கி கண்ட விதி, பாலமீன்மடு முகத்துவாரத்திலும் ஆட்சி செய்கிறது.

களித்துகள் மறையேற்றமுடையது என்று கூறினேன். மட்கிய இலைதழைகளிலிருந்து உண்டாகும் மட்கும் மறையேற்றமுடைய ஒரு பல்பகுதியக் கலவையே. ஆகவே வயற்சேறு என்பது, மனிதன் முயற்சியின்றி இயற்கை அமைத்துவைத்த நொதியக் கட்டுச்சாலை. 1957ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் மக்லாரன் என்னும் மண்ணியல் அறிஞரும் அவர் துணைவர் எசுத்தர்மனும், வெண்களியிற் படிந்த செரிமான நொதியமொன்று காரப்பக்கமாய் ஏறக்குறைய இரண்டு எண் நகர்வதைக் கண்டனர். பல்பகுதிய அறிஞர் பின்னர் கண்ட உண்மையை மண் முன்னரே கூறிவிட்டது.

இப்போது படுவான்கரை வயலுக்குத் திரும்புவோம். மண்ணிலே வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களும் பயிர்வேர்களும் விட்டுச்சென்ற யூரியேசு, களியிலும் மட்கிலும் கட்டுண்டு கிடக்கிறது. கட்டற்ற நொதியத்தை நுண்ணுயிர்கள் விரைவிலே தின்றுவிடும். கட்டுண்டதோ நெடுநாள் நிலைத்து நிற்கும். இவ்வாறு மண் யூரியேசைக் காக்கிறது என்பதை 1940ஆம் ஆண்டிலேயே கொன்றாட் என்பவர் எடுத்துக்காட்டினார். ஆதலின் உழவர் யூரியாவை எறியும்போது, அதனைப் பிளக்க வேண்டிய தொழிலாளி அங்கே முன்னமே காத்திருக்கிறான்.

ஐம்பது கிலோகிராம் யூரியாவில் இருபத்து மூன்று கிலோகிராம் நைதரசன் உண்டு. பயிருக்கு வேண்டுவது அதுவே. தேங்கிய நீரின்மேல் எறியப்பட்ட யூரியா சில நாட்களுள் அமோனியாவாகப் பிளவுறும். பகலிலே வயல்நீரிலுள்ள பாசிகள் காபனீரொட்சைட்டை உறிஞ்சிக்கொள்ள, நீர் காரத்தன்மை அடையும். கார நீரிலே அமோனியா வாயுவாகி வானத்திற் கலந்துவிடும். உழவர் கடன்பட்டு வாங்கிய நைதரசனின் ஒரு பங்கு இவ்வாறு காற்றோடு போகிறது. அதே யூரியாவைச் சேற்றினுள்ளே புகுத்தினால் நிலைமை வேறு. அங்கே தோன்றும் அமோனியா, ஐதரசன் அயனைச் சேர்த்துக்கொண்டு நேரேற்றமுடைய அமோனியம் அயனாகும். அதனை மறையேற்றமுடைய களி பற்றிக்கொண்டு, வேர் கேட்கும்போது கொடுக்கும். நொதியத்தைக் கட்டிவைத்த அதே ஏற்றம், பயிரின் உணவையும் கட்டிவைக்கிறது. ஆகவே, நீரை வடித்து ஈரச்சேற்றிலே பசளையிட்டு, அது மண்ணுள் இறங்கும்படி மீண்டும் நீர் பாய்ச்சுதலும், ஒரே முறையில் இடாது பகுதிபகுதியாய் இடுதலும் வெறும் வழக்கமல்ல. விஞ்ஞான உண்மையிற் கால்கொண்டவை. உன்னிச்சைக் குளத்து நீர் உரிய வேளையில் வாய்க்காலில் வருமாயின் இது கைகூடும். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளைகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டு, சில மாதங்களின் பின் அத்தடை நீங்கியபோது, ஒரு பிடி யூரியாவின் அருமையை இந்நாட்டு உழவர் நன்கு உணர்ந்தனர். அருமையறிந்த பொருளைக் காற்றுக்குக் கொடுத்தல் தகுமா?

இனி எழுவான்கரையின் இறால் ஓட்டைப் பார்ப்போம். அவ்வோட்டிலே மூன்று பொருள்கள் முதன்மையாக உள: சுண்ணப்பொருள், புரதம், கைற்றின் என்னும் பல்பகுதியம். ஐதான அமிலத்தால் சுண்ணத்தையும், ஐதான காரத்தால் புரதத்தையும் நீக்கினால் கைற்றின் எஞ்சும். அதனைச் செறிந்த எரிசோடாக் கரைசலிலே சூடாக்கினால் கைற்றோசான் கிடைக்கும். இயற்கையிலிருந்து பெறும் பல்பகுதியங்களுட் பெரும்பாலானவை மறையேற்றமுடையவை, அல்லது ஏற்றமற்றவை. கைற்றோசானோ நேரேற்றங் கொள்ளும் அரிய சிலவற்றுள் ஒன்று. வினாகிரியிலுள்ள அசற்றிக்கமிலத்தை ஐதாக்கி அதிலே இட்டால் அது கரையும். அக்கரைசலைத் துளிதுளியாய்க் காரநீரில் விழவிட்டால், துளிகள் இறுகி வெண்ணிற மணிகளாகும். அம்மணிகளிலே நொதியங்களைக் கட்டலாம். பாலிலுள்ள வெல்லத்தைப் பிளக்கும் இலற்றேசு முதலிய நொதியங்களை இவ்வாறு கட்டும் ஆய்வுகள் பல நாடுகளில் நிகழ்ந்துள்ளன. பால் ஒவ்வாதவர்க்கு ஏற்ற பாலை ஆக்க அவை உதவும். கடற்பாசியிலிருந்து பெறும் அல்சினேற்று மறையேற்றமுடையது. அதனையும் கைற்றோசானையும் சேர்த்தால், எதிரேற்றங்கள் பிணைந்து மெல்லிய உறையாகி, நொதியத்தை உள்ளே அடைத்துக் காக்கும். இறாலும் பாசியும் நம் கடற்கரைகளுக்குப் புதியனவல்ல.

ஆயினும் ஓர் எச்சரிக்கை கூறாமல் விடுதல் முறையன்று. இறால் ஓட்டைக் கைற்றோசானாக்க அமிலமும் எரிசோடாவும் மிகுதியாக வேண்டும். வேலை முடிந்தபின் அக்கழிவுநீரை நடுநிலையாக்காது வாவியிலே விட்டால், ஓடு நாறுவதிலும் பார்க்கப் பெருந்தீங்கு விளையும். கண்டற்காடுகளின் வேரடியிலே வளரும் இறாற்குஞ்சுகளை அது அழிக்கும். இறாலே இல்லையாயின் ஓடு ஏது? தொழிலைத் தொடங்குவோர், கழிவை அடக்கும் வழியை முதலிலும், ஓட்டை அரைக்கும் பொறியைப் பின்னரும் எண்ணவேண்டும். ஓடுகளை நாள்தோறும் சேர்த்து, அழுகுமுன் கழுவி உலர்த்துவதும் இன்றியமையாதது. இது பெருமுதல் வேண்டாத வேலை. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் செய்யக்கூடியது. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற நிலையங்களின் ஆய்வறிவும், கரையோர மக்களின் கையறிவும் கூடுமிடத்திலே இத்தகைய முயற்சி வேர்கொள்ளும்.

நேயர்களே, நொதியம் தன் அயலுக்கேற்ப நடக்கிறது என்பதே நாம் கண்ட உண்மையின் சாரம். அவ்வயலை அமைப்பது கட்டுப்பொருளின் ஏற்றம். அதனைத் தளர்த்துவது உப்பு. இவ்விதியைப் பிறநாட்டார் மருந்துத் தொழிலுக்குப் பயன்படுத்தினர். நமக்கோ அது காலடிச் சேற்றிலும், சந்தையோரக் குப்பையிலும் கிடக்கிறது. அடுத்த முறை யூரியாவைக் கையில் அள்ளும் உழவர், எறியுமுன் வயல்நீரை ஒருமுறை நோக்குவாராக. இறால் உரிக்கும் தாய்மார், ஓட்டை வீசுமுன் ஒருகணம் எண்ணுவாராக. அவ்வளவு நிகழ்ந்தாலே இவ்வுரை பயனுடையதாகும்.